சேர்வராயன் மலையடியும் சென்னை மாணவர்களின் கோடும்

தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாறு அறிந்தவர்களுக்குச் சேலம் என்றதும் நினைவுக்கு வருவது மாம்பழமோ உருக்காலையோ அன்று. 1968 முதல் 1970 வரை அந்நகரிலிருந்து வெளிவந்த 'நடை' என்னும் காலாண்டிதழே முதலில் நினைவுக்கு வரும். எட்டு இதழ்களே வந்தன. அதன் பின்னணியில் இருந்தவர் கவிஞர் சி. மணி. சேர்வராயன் மலையின் அடிவாரத்து நகரில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டு, வே. மாலி, செல்வம் எனப் பல பெயர்களில் எழுதியவர். கவிதைக்கும் யாப்பு ஆராய்ச்சிக்கும் நாடகத்துக்கும் இடமளித்த 'நடை', நவீன ஓவியத்தின் மீதும் அக்கறை காட்டியது. அக்காலத் தமிழ் இதழ்களில் இது அரிது. 'நடை'யைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கவிதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் மறு பக்கத்தைப் பார்க்க விரும்புகிறோம். அந்த ஓவியங்கள் எங்கிருந்து வந்தன? அவற்றைத் தீட்டிய இளைஞர்கள் யாரிடம் கற்றார்கள்? எதை எதிர்த்து அப்படி வரைந்தார்கள்?

விடை சென்னைப் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஆனால் அங்கே போவதற்கு முன் மலையேற வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஏற்காட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் படமாக்கிப் பார்க்கும் வேலை அந்தக் கல்லூரிக்கும் முன்பே தொடங்கிவிட்டது. அது யாருடைய பார்வை என்னும் கேள்வியும் அப்போதே பிறந்துவிட்டது.

ஏற்காட்டில் தூய திரித்துவ ஆலயம் ஒன்று உண்டு. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனப்படும் இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவு அங்கே நிலைபெற்றிருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்து, இந்தியாவில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று நிறுவியவர் அவர். பணிக்காலத்துக்குப் பின் ஏற்காட்டைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார், 1912இல் மறைந்தார். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பாதிரியார். அவரும் 1882இல் ஏற்காட்டில்தான் மறைந்தார். (தமிழ் உரைநடையின் வரலாற்றில் இத்தனை முக்கியமான ஒருவர் இம்மலையில் உறங்குகிறார் என்பது, கோடைவிழாவுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?)

ஃபூட் தம் நிலவியல் அறிக்கைகளுக்குத் தாமே படம் வரைந்தவர். சேர்வராயன் மலையில் அவர் கண்ட காட்சிகளுள் ஒன்று நம்மை இன்றும் நிற்க வைக்கிறது. புதிய கற்காலத்தின் வழவழப்பான கற்கோடரிகளை மலைமக்கள் பிள்ளையார் சன்னிதிகளில் சேர்த்து வைத்து வழிபட்டிருந்தார்கள். அவை கருவி என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவை சாதாரணக் கல் அல்ல, மனிதக் கைபட்ட வடிவம் என்பதைக் கண்டு தனியே எடுத்து வைத்தார்கள். ஃபூட் அவற்றை எண்ணிட்டு, அளந்து, பட்டியலிட்டார். அவருடைய தொகுப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றது. பட்டியல் நூல் 1914இலும் 1916இலும் இரு பகுதிகளாக அச்சாயிற்று. ஒரே கல்லை இருவர் இருவிதமாகப் பார்த்தனர். ஒருவருக்கு அது வழிபடும் உரு, மற்றவருக்கு ஆய்வுக்குரிய சான்று. சென்னை ஓவியப் பள்ளியின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு முழுவதும் இந்த இரு பார்வைகளுக்கு இடையிலான இழுபறி என்றே சொல்லத் தோன்றுகிறது.

பள்ளியின் கதை 1850இல் தொடங்குகிறது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் பிராட்வேயில் சொந்தச் செலவில் அதைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு தொழிற்பிரிவும் சேர்ந்தது. சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. பெயரிலேயே தொழிற்கலை என்ற சொல் இருந்தது. ஓவியனை உருவாக்குவது அன்றைய நோக்கமன்று. செங்கல், ஓடு, மட்பாண்டம், மரச்செதுக்கு, அச்சுக்கட்டை ஆகியவற்றைச் செம்மையாகச் செய்யும் கைகளை உருவாக்குவதே நோக்கம். மாணவன் ஐரோப்பியச் சுதை வார்ப்புகளைப் பார்த்து நகல் எடுத்தான். அச்சுப் படங்களைப் பார்த்து நகல் எடுத்தான். பின்னர் அரசுக்கு வேண்டியதை நகல் எடுத்தான்.

அரசுக்கு வேண்டியவற்றில் புகைப்படமும் ஒன்று. லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக இருந்தபோது, 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் முதலிய இடங்களுக்குத் தனித்தனிப் படத்தொகுதிகளை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டுவது. டிரைப்புக்கு உதவியாளராக இருந்த அய்யாசாமி என்னும் தமிழர் பின்னர் அதே ஓவியப் பள்ளியில் புகைப்படக்கலையைக் கற்பித்தார். 1873இல் வெளியான பிரீக்ஸின் நீலகிரிப் பழங்குடிகள் பற்றிய நூலில் உள்ள படங்கள் ஹண்டரின் மேற்பார்வையில் சென்னைப் பள்ளியின் மாணவர்கள் எடுத்தவை. தொதவரும் கோத்தரும் குறும்பரும் அவற்றில் நிற்கிறார்கள். அவர்களை நிறுத்தி வைத்துப் பார்க்கச் சொன்னது ஓர் அரசு அலுவலரின் ஆய்வு. பார்த்த கண் சென்னையிலிருந்து மலையேறிய மாணவனுடையது. அவன் என்ன நினைத்தான் என்பதற்கு அந்நூலில் இடமில்லை. மாணவன் பெயரும் படத்தின் அடியில் இல்லை. சேர்வராயன் மலைவாழ் மலையாளிகளுக்கும் இத்தகைய அனுபவம் நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அவர்களுடைய தலையையும் மூக்கையும் அளந்து தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

சிஷோம், ஹேவல் ஆகியோர் தலைமையில் பள்ளி நடந்த காலத்தை விரைந்து கடந்துவிடலாம். கட்டடக் கலைஞரான சிஷோமும், பின்னாளில் கல்கத்தாவுக்குப் போய் வங்கக் கலை மறுமலர்ச்சிக்குத் துணைநின்ற ஹேவலும் உள்நாட்டுக் கைவினையை மதித்தார்கள். அதற்குப் பாடத்திட்டத்தில் இடம் கொடுத்தார்கள். ஆனால் மாணவன் அப்போதும் பணியாளனே.

இடையே ஒரு வேடிக்கையான செய்தி. 1898இல் ஆல்பிரெட் சாட்டர்டன் என்னும் பொறியியல் பேராசிரியர் இதே ஓவியப் பள்ளியின் உலோகப் பட்டறையில் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். இந்தியாவில் அலுமினியத் தொழிலுக்கு அதுவே தொடக்கம் எனப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த தகட்டை நம் கன்னார்கள் தட்டிக் குடமும் குண்டானும் ஆக்கினார்கள். தொழில் பெருகியது, 1903இல் தனி நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் மேட்டூரில் அலுமினிய ஆலை எழுந்தபோது, அதற்குரிய பாக்சைட் சேர்வராயன் மலையின் முகடுகளிலிருந்து வெட்டப்பட்டது. 2000களின் இறுதியில் அந்த உருக்காலை நின்றுபோயிற்று. வெட்டப்பட்ட முகடு மட்டும் மீளவில்லை. ஒரு கலைப்பள்ளியின் பட்டறையில் பிறந்த பொருள் கடைசியில் இம்மலையையே தின்றது என்று சொன்னால் அது மிகைதான்; ஆயினும் சென்னைக்கும் ஏற்காட்டுக்கும் இடையே நாம் தேடும் இழைகளில் இதுவும் ஒன்றாகையால் விட மனமில்லை.

1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பள்ளியின் முதல் இந்தியத் தலைவரானார். 1957 வரை, ஏறத்தாழ முப்பதாண்டு, அவர் கோலோச்சினார். வங்கத்தில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர், மல்லர், வேட்டைக்காரர், சிற்பி. சென்னைக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவருடையது. பாறையைப் புரட்டும் அந்நால்வருக்கு மாதிரியாக நின்றவர்களில் கல்லூரிக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் உண்டு. மாணவன் இப்போது படத்துக்கு வெளியே நிற்கவில்லை, சிலைக்குள்ளேயே வந்துவிட்டான். நகலெடுப்பை விட்டு உயிருள்ள மனிதனைப் பார்த்து வரையும் பயிற்சி உறுதிப்பட்டது இவர் காலத்தில்தான்.

அவரிடம் பயின்றவர்களுள் நாமக்கல்லைச் சேர்ந்த பி. எம். சீனிவாசனும் ஒருவர். நாமக்கல் அன்று சேலம் மாவட்டத்தின் பகுதி. 1997இல்தான் தனி மாவட்டமாயிற்று. அவ்வூர்க் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையே ஓவியர். இளைஞனின் கையைக் கண்டு சென்னைக்குப் போய்ப் படிக்குமாறு ஊக்கினார். சீனிவாசனைத் தமிழ் வாசகர்கள் 'சில்பி' என்ற பெயரால் அறிவார்கள். 'ஆனந்த விகட'னில் அவர் ஆண்டுக்கணக்கில் வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' கோயில் சிற்பங்களைக் கோட்டில் கொண்டுவந்தது. இருண்ட மண்டபத்தின் தூணில் எண்ணெய்ப் பிசுக்கேறி நின்ற உருவத்தை, அதன் நகையின் ஒவ்வொரு மணியும் தெரியும்படி அவர் வரைந்தார். கோயிலுக்குப் போய்க்கொண்டே இருந்தும் சிற்பத்தைப் பார்த்திராத ஒரு சமூகத்துக்கு, வார இதழின் தாளில் அதைக் காட்டினார். இதைச் சிறிய பணி என்று நவீனர் சிலர் ஒதுக்குவதுண்டு. நாம் அப்படி எண்ணவில்லை. நீலகிரியில் படமெடுத்த மாணவனும் பதிவு செய்தான், சில்பியும் பதிவு செய்தார். ஆனால் சில்பியின் பதிவு அவருடைய மக்களுக்காகவே செய்யப்பட்டது. கீழே அவர் பெயரும் இருந்தது. ஒரு நூற்றாண்டுக்குள் நேர்ந்த இம்மாற்றம் சாதாரணமானதன்று.

எனினும் பதிவு என்பதற்கு அப்பால் கோட்டுக்கு வேறு வேலை உண்டா என்னும் வினா எஞ்சி நின்றது. அதை எழுப்பியவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். வேறு வேலைகள் பார்த்துவிட்டுத் தாமதமாக, 1936இல், பள்ளியில் மாணவராகச் சேர்ந்தவர். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1957 முதல் 1967 வரை கல்லூரி முதல்வராக இருந்தார். 1954இல் ஐரோப்பாவில் தம் ஓவியங்களைக் காட்டிவிட்டு வந்தபின் அவரை ஒரு கேள்வி அரித்தது. மேற்கின் நவீன ஓவியத்தைப் பின்பற்றினால் நாம் இரவல் குரலில் பேசுகிறோம். அஜந்தாவையும் சிற்றோவியத்தையும் திருப்பிச் செய்தால் இறந்தவர் குரலில் பேசுகிறோம். இரண்டும் வேண்டாமென்றால் என்ன செய்வது?

அவர் கண்ட விடையின் ஊற்று ஒரு மாணவனின் குறிப்பேடு. 1963 வாக்கில் கணக்குப் பாடக் குறிப்பேடு ஒன்றின் பக்கங்களைப் புரட்டிய பணிக்கருக்கு எண்களும் எழுத்துகளும் வடிவ கணித உருவங்களும் கலந்து கிடந்த அத்தாள் ஓர் ஓவியமாகத் தோன்றியது. 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் அவருடைய புகழ்பெற்ற வரிசை அங்கிருந்து கிளைத்தது. சாதகக் கட்டம், யந்திரம், மலையாள எழுத்துப் போலிருந்தும் படிக்க இயலாத வரிகள், பறவை, மீன் எல்லாம் அதில் நிரம்பின. படிக்க முடியாத எழுத்து என்பதே அதன் நுட்பம். பொருள் விலகி வடிவம் மட்டும் நிற்கிறது. மாணவனுக்குக் கற்பித்த ஆசிரியர்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். பெயர் தெரியாத ஒரு மாணவனின் வீட்டுக்கணக்கு ஓர் ஆசிரியரைத் திருப்பியது என்பது நமக்கு அதைவிடச் சுவையாக இருக்கிறது.

பணிக்கருக்கு அருகில் சிற்பி எஸ். தனபால் இருந்தார். மயிலாப்பூரில் 1919இல் பிறந்தவர். பின்னாளில் கல்லூரி முதல்வரானவர். நாட்டுப்புறத்து இளைஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஓவியக் கல்லூரியில் சேர ஆங்கிலப் புலமை தடையாக இருக்கவில்லை. மதிப்பெண்ணைவிடக் கை முக்கியமாக இருந்தது. ஆகவே வேறெந்த உயர்கல்விக்கும் போயிருக்க இயலாத குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். திருவண்ணாமலையிலிருந்து ஏ. பி. சந்தானராஜ், திருச்சி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து கே. எம். ஆதிமூலம், கேரளத்திலிருந்து எம். வி. தேவன், நம்பூதிரி, அக்கித்தம் நாராயணன், பொன்னானிப் பகுதியின் டி. கே. பத்மினி என அவ்வரிசை நீளும். பத்மினி இருபத்தொன்பது வயதில், 1969இல், பிள்ளைப்பேற்றின்போது இறந்தார். அவர் விட்டுச்சென்ற பெண்ணுருவங்களில் உள்ள தனிமை, அதே காலத்து ஆண் ஓவியர்கள் எவரிடமும் காணக்கிடைக்காதது.

இவர்கள் கண்டடைந்த பொது மொழி கோடு. சிதம்பரத்துக் கோபுரத்திலும், எழும்பூர் அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனியிலும், வாசற்கோலத்திலும், பனையோலையில் எழுத்தாணி கீறிய வரியிலும் ஓடுவது கோடுதான் என்று அவர்கள் கருதினார்கள். எழும்பூர் அருங்காட்சியகம் கல்லூரிக்கு நடந்து போகும் தொலைவிலேயே இருந்தது. அங்கே அமராவதிச் சிற்பங்களை வரைந்து பழகிய மாணவன், இன்னொரு கூடத்துக்குப் போனால் ஃபூட் சேர்த்த கற்கோடரிகளைக் காணலாம். சேர்வராயன் மலைப் பிள்ளையாருக்கு முன்னால் இருந்த வகைக் கற்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்திருந்தன. வேல், சூலம், நடுகல், அய்யனார் குதிரை, பாம்புருவம் ஆகியவற்றின்பால் அம்மாணவர்கள் திரும்பினார்கள். அவற்றைச் சில்பி போல நகை நகையாகப் பதிவு செய்யவில்லை. அவற்றுக்குள் இயங்கும் விதி எதுவோ அதை எடுத்துக்கொண்டார்கள். பி. வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி, அதன் மேல் கம்பியைப் பற்றவைத்து, முகப்பு மட்டுமே கொண்ட சிற்பத்தைச் செய்தார். கோயில் உற்சவருக்கு அணிவிக்கும் கவசமே அதற்கு முன்மாதிரி. மலைமக்கள் கற்கோடரியைக் கண்டு தனியே எடுத்து வைத்தார்களே, ஏறக்குறைய அந்தப் பார்வையை ஓர் அரசுக் கல்லூரிக்குள் கொண்டுவந்தார்கள் என்று கருதுகிறோம்.

இதை எதிர்த்தோரும் உண்டு. மரபு என்பது கல்லூரியில் ஒரு வாய்பாடாகிவிட்டது, நாலு கோடும் ஒரு யந்திரமும் போட்டால் இந்தியத் தன்மை வந்துவிடுமா என்று அக்காலத்திலேயே கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆர். பி. பாஸ்கரன் போன்ற இளையவர்கள் பூனையையும் திருமணப் புகைப்படத்துத் தம்பதியரையும் வரைந்தது ஒருவகையில் அவ்வாய்பாட்டின் மீதான குறும்பே. பள்ளி உயிரோடிருந்தது என்பதற்கு அக்குறும்பும் ஒரு சான்று.

எண்ணம் எவ்வளவு உயர்ந்ததாயினும் வயிறு ஒன்று இருக்கிறது. ஐந்தாறு ஆண்டு படித்து வெளியே வரும் ஓவியனுக்கு 1960களின் சென்னையில் என்ன வேலை? திரைப்படப் பதாகை, விளம்பர நிறுவனம், நெசவாளர் சேவை மையம், பள்ளி ஓவிய ஆசிரியர் பணி. படம் வாங்குவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். கல்லூரியில் ஒளிர்ந்த கை, இரண்டாண்டில் மழுங்கிப்போவதைப் பணிக்கர் பார்த்தார். பள்ளியின் பழைய தொழிற்பிரிவே இங்கே கைகொடுத்தது. ஹண்டர் காலத்திலிருந்து வந்த கைவினைப் பாடத்தை ஓவியனின் அடிமைச்சங்கிலியாக அன்றி, விடுதலைக்குரிய கருவியாக மாற்ற அவர் எண்ணினார்.

பாத்திக் என்னும் துணிவேலை அதற்கு வாய்த்தது. உருக்கிய மெழுகைத் தூரிகையால் துணியில் தீட்டுவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. முதலில் வெளிர்நிறச் சாயத்தில் தோய்த்து, உலர்த்தி, அந்நிறம் நிற்க வேண்டிய இடங்களில் மீண்டும் மெழுகிட்டு, அடுத்த அடர்நிறத்தில் தோய்ப்பார்கள். வெளிறலிலிருந்து அடர்த்திக்கு, படிப்படியாக. இறுகிய மெழுகைக் கசக்கினால் அது விரிசல் விடும். விரிசலுக்குள் சாயம் புகுந்து நரம்பு போன்ற கோடுகளை விட்டுச் செல்லும். கடைசியில் தாளை வைத்துத் தேய்ப்புப் பெட்டியால் சூடேற்றி மெழுகை எடுப்பார்கள். எங்கே விரிசல் விழும் என்பதை முழுதாகக் கட்டுப்படுத்த இயலாது. கோட்டின் மேல் காதல் கொண்ட ஓவியனுக்கு இதைவிடப் பொருத்தமான கைத்தொழில் எது? மாணவர்களும் இளம் ஓவியர்களும் கைவினைஞர் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பாத்திக் துணிகளைக் கண்காட்சி வைத்து விற்றார்கள். விற்ற பணத்தைச் சேர்த்தார்கள். அப்பணத்தில் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சுமார் பத்து ஏக்கர் மணல்வெளியை வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலக் கலைக்கிராமம் தோன்றியது. முப்பதுக்கு மேற்பட்டவர் உறுப்பினர். அரசு மானியத்திலோ புரவலர் கொடையிலோ எழுந்த ஊரன்று அது. கூரைவீடு கட்டி, காலையில் துணியும் உலோகமும், பிற்பகலில் ஓவியமும் என்று வாழ முயன்ற ஊர். இந்தியாவில் ஓவியர்கள் தாமே ஈட்டித் தாமே அமைத்துக்கொண்ட குடியிருப்பு, இவ்வளவு காலம் நிலைத்தது, வேறொன்று இல்லை.

அங்கும் எல்லோருக்கும் வாழ்வு கிட்டவில்லை. கே. ராமானுஜம் 1940இல் பிறந்தவர். பேச்சுத் தடை உள்ளவர், மனநலம் குன்றியவர், கல்லூரியிலும் ஏளனத்துக்கு ஆளானவர். பணிக்கர் அவரை அணைத்துக்கொண்டார். மைக்கோடுகளால் நிறைந்த மாயநகரங்கள், கோபுரங்கள், பாம்புகள், சிறகுள்ள விலங்குகள், அவற்றின் நடுவே தொப்பியணிந்து பவனி வரும் ராமானுஜம் தாமே. வாழ்வில் எவரும் தராத மரியாதையைத் தாளில் தமக்கே தந்துகொண்டார். கன்னிமரா விடுதிக்காகப் பெரிய அளவில் தீட்டும் வாய்ப்பும் அவருக்கு வந்தது. 1973இல் சோழமண்டலத்திலேயே தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். மணம் புரிந்து குடும்பமாக வாழ வேண்டும் என்னும் ஆசை அவருக்குக் கடைசிவரை இருந்ததென்பர். அவருடைய ஓவியங்கள் இன்று பெருவிலை பெறுகின்றன.

இப்போது சேலத்துக்குத் திரும்பலாம். 1968இல் 'நடை' வெளிவந்தபோது ஆதிமூலம் கல்லூரியை விட்டு வெளிவந்து இரண்டாண்டே ஆகியிருந்தது. ந. முத்துசாமி, சி. மணி, ஞானக்கூத்தன் முதலிய எழுத்தாளர்களுக்கும் ஆதிமூலம், பாஸ்கரன், தட்சிணாமூர்த்தி முதலிய ஓவியர்களுக்கும் இடையே நட்பு அரும்பிய காலம் அது. 1970இல் 'கசடதபற' தொடங்கியபின் அந்நட்பு அச்சில் நிலைபெற்றது. 1973இல் ஞானக்கூத்தனின் 'அன்று வேறு கிழமை' ஓவியர்களின் கோட்டோவியங்களுடன் வந்தது. அதுவரை தமிழில் கதைக்குப் படம் என்றால் கதையில் நடப்பதைப் படத்தில் காட்டுவது. நாயகி கிணற்றடியில் நின்றால் ஓவியர் கிணற்றையும் வரைய வேண்டும். புதிய ஓவியர்களோ கவிதைக்கு விளக்கம் வரைய மறுத்தார்கள். கவிதைக்குப் பக்கத்தில் இன்னொரு கவிதையைப் போலக் கோட்டை நிறுத்தினார்கள். யாப்பை விட்ட கவிதையும் உருவ ஒப்புமையை விட்ட ஓவியமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன என்று கூறலாம்.

இதில் ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு, அதை மறக்கலாகாது. சிற்றிதழுக்குப் பல நிறத்தில் அச்சிடப் பணமில்லை. கருப்பு மையில் கோட்டோவியத்தை மட்டும் கட்டை எடுத்து அச்சிட முடியும். சென்னை மாணவர்களின் கலையோ கோட்டையே உயிராகக் கொண்டது. ஏழ்மையும் அழகியலும் இத்தனை பொருத்தமாகச் சந்தித்தது நம் நல்லூழ். எண்ணெய்வண்ணப் பரப்பையே பெரிதாகக் கருதும் ஒரு பள்ளி சென்னையில் இருந்திருக்குமாயின், 'கசடதபற'வின் பக்கங்கள் வெறுமையாகவே இருந்திருக்கும்.

மலையாளத்தில் நிலை வேறு. தேவனும் நம்பூதிரியும் 'மாத்ருபூமி' போன்ற பேரிதழில் வரைந்து, இலக்கிய வாசகர் அனைவரின் கண்ணையும் பழக்கினார்கள். ஒரே கல்லூரியின் மாணவர்கள். அங்கே பேரிதழ், இங்கே முன்னூறு பிரதிச் சிற்றிதழ். தமிழில் அக்கதவு திறக்க மேலும் பதினைந்தாண்டு ஆயிற்று. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' 1980களில் 'ஜூனியர் விகட'னில் வந்தபோது ஆதிமூலத்தின் கோடுகள் முதன்முறையாகப் பல இலட்சம் வீடுகளுக்குள் நுழைந்தன. முண்டாசும் மீசையும் சுருங்கிய கன்னமுமாக அவர் வரைந்த சம்சாரியைப் பார்த்து இது அலங்கோலம் என்றவர்களும் உண்டு. ஆனால் கரிசல் மண்ணின் வெடிப்பு அந்த உடைந்த கோட்டில் இருந்தது. 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த நூறு காந்திப் படங்களிலேயே அக்கோடு முற்றியிருந்தது. இதழ்களின் பெயர்களையும் நூல் தலைப்புகளையும் அவர் கையால் எழுதித்தந்தபோது தமிழ் எழுத்தே ஓவியமாயிற்று. பணிக்கரின் படிக்க முடியாத எழுத்து, மாணவரிடம் படிக்கத்தக்க எழுத்தாகத் திரும்பி வந்தது. ஆதிமூலம் 2008இல் மறைந்தார். சி. மணி அடுத்த ஆண்டு சேலத்தில் மறைந்தார்.

2013இல் தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் தோன்றியபின், சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளும் மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியும் அதன்கீழ் வந்தன. ஹண்டரின் பிராட்வே மாணவன் நூற்றறுபது ஆண்டுக்குப் பின் பல்கலைக்கழக மாணவனாகியிருக்கிறான். இன்றைய இறுதியாண்டுக் காட்சிகளில் நிறுவுகலையும் காணொளியும் நெகிழித் திரட்டும் இடம்பெறுகின்றன, கோடு பின்வாங்கிவிட்டது. அதில் நமக்கு வருத்தமில்லை. நம்மை உறுத்துவது வேறு. அக்காட்சிகள் நாலைந்து நாளில் கலைக்கப்படுகின்றன. அவற்றைப் பார்த்து, இன்னார் இன்ன எண்ணத்தில் இதைச் செய்தார் என்று தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு. வெளிவரும் குறிப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், படைத்தவரின் தாயும் தந்தையும் படிக்க இயலாத மொழியில் இருக்கின்றன. பிரீக்ஸின் நூலில் பெயரின்றி நின்ற மாணவனை விட இவர்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று கேட்டால், பெயரளவுக்கு வந்திருக்கிறார்கள் என்றே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

சோழமண்டலத்தில் 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் சென்னை இயக்கத்தாரின் ஓவியங்களும் சிற்பங்களும் நிலையாக வைக்கப்பட்டுள்ளன. சென்னைக்குப் போகும் வாசகர்கள் ஒரு முற்பகலை அதற்கென ஒதுக்கலாம். போகும் வழியில் எழும்பூரில் இறங்கி, தொல்பழங்காலக் கூடத்தையும் பார்த்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறோம்.